சின்ன டொமைனுக்கு இரண்டு விலை

"என்கிட்ட ஒரு நாலெழுத்து டாட் காம் இருக்கு, என்ன விலைக்குப் போகும்?" டொமைன், அதாவது இணையதள முகவரிப் பெயர், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே நின்று தரகு பார்ப்பது என் தொழில் என்பதால் இந்தக் கேள்வி எனக்கு வந்துகொண்டே இருக்கும். பெயரைக்கூடப் பார்க்காமல் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: யாருக்கு விற்கப் போகிறீர்கள்? என்னைப் போல டொமைன் தொழிலிலேயே இருப்பவர்களுக்கா, இல்லை அந்தப் பெயர் கட்டாயம் வேண்டும் என்று இருக்கிற ஒரு நிறுவனத்துக்கா? ஒரே பெயர்தான். ஆனால் முதலாமவர் தருவது வியாபாரி விலை, இரண்டாமவர் தருவது தேவைக்காரர் விலை. இரண்டுக்கும் நடுவில் பத்து மடங்கு வித்தியாசம் சர்வ சாதாரணம், நூறு மடங்கும் உண்டு. செய்தியில் வருகிற கதைகள் எல்லாமே தேவைக்காரர் விலையைப் பற்றியவை. பெயரை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கக்கூடியது வியாபாரி விலை. இந்த வேறுபாடு தெரியாமல் சேமிப்பை எடுத்துப் பெயர் வாங்கிக் குவிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எண்ணிக்கையைப் பார்த்துவிடலாம். ஆங்கிலத்தில் 26 எழுத்து. அப்படியானால் இரண்டெழுத்து டாட் காம் மொத்தமே 676. மூன்றெழுத்து 17,576. நாலெழுத்து 4,56,976. ஐந்தெழுத்துக்குப் போனால் ஒரு கோடியே 18 லட்சத்தைத் தாண்டிவிடும். எண் பெயர்களில் இரண்டிலக்கம் 100, மூன்றிலக்கம் 1000. இதற்கு மேல் ஒன்றைக்கூட யாராலும் புதிதாக உண்டாக்க முடியாது. ஓரெழுத்துப் பெயர்களின் கதை இன்னும் சுருக்கமானது. இணையத்தின் எண்களையும் பெயர்களையும் அந்தக் காலத்தில் நிர்வகித்து வந்த ஜான் போஸ்டல், 1993 இறுதியில், மிச்சமிருந்த ஓரெழுத்துப் பெயர்களை இனி யாரும் பதிய முடியாதபடி நிறுத்திவைத்தார். அதற்கு முன்பே பதிவாகியிருந்த க்யூ, எக்ஸ், இசட் ஆகிய மூன்று மட்டும்தான் டாட் காமில் வெளியே இருக்கின்றன.

1995 செப்டம்பர் வரை டாட் காம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. அதற்குப் பிறகுதான் இரண்டு வருடத்துக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கினார்கள். அன்றைக்குக் கேட்டவர்களுக்குச் சும்மா கிடைத்த மூன்றெழுத்துப் பெயர்கள் சில இன்னும் அதே கைகளில் இருக்கின்றன. 2007 வாக்கில் நாலெழுத்து டாட் காமும் மொத்தமாகத் தீர்ந்துபோனது. 'இனிமேல் கிடையாது, எல்லாம் ஏறத்தான் செய்யும்' என்று பலர் நினைக்க ஆரம்பித்தது அப்போதிருந்துதான். அருமையாகக் கிடைப்பது வேறு, அதைக் கேட்டு ஆள் வருவது வேறு. நாலரை லட்சம் பெயரில் முக்கால்வாசி, யாரும் தேடி வராத எழுத்துக் குவியல்.

வியாபாரி விலையை டொமைன் ஆட்கள் 'தரை விலை' என்று சொல்வார்கள். எவ்வளவு மோசமான எழுத்துச் சேர்க்கையாக இருந்தாலும் இந்த விலைக்குக் குறையாமல் யாராவது எடுத்துக்கொள்வார்கள் என்ற கணக்கு அது. இரண்டெழுத்துக்கு உறுதியான தரை உண்டு. மூன்றெழுத்துக்கும் உண்டு, இன்றைக்கு விற்க வேண்டும் என்றால் இன்றைக்கே விற்றுவிடலாம். நாலெழுத்தில் தரை ஆடிக்கொண்டே இருக்கும். ஐந்தெழுத்துக்கு அப்படி ஒன்று இல்லவே இல்லை; ஒரு சொல்லாக வாசிக்க வந்தால் விலை, வராவிட்டால் வருடாந்திரக் கட்டணம்தான் மிச்சம்.

அந்தத் தரை எப்படி ஆடும் என்பதற்கு 2015-ஐச் சொல்லாமல் முடியாது. அந்த வருடக் கடைசியில் சீன முதலீட்டாளர்கள் சின்ன டொமைன்களை அள்ள ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு வேண்டிய எழுத்துகள் வேறு. சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில், ஐ, யூ, வி ஆகிய எழுத்துகளில் எந்த அசையும் தொடங்காது. ஏ, ஈ, ஓ எழுத்துகளில் தொடங்குவது மிகக் குறைவு. ஒரு பெயரை ஒவ்வொரு அசையின் முதலெழுத்தாகச் சுருக்கிப் பார்க்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆறும் வேண்டாத எழுத்துகள். மீதி 20. அவற்றால் ஆன நாலெழுத்துப் பெயர் 1,60,000. அதுவரை நூறு டாலருக்குக்கூட ஆள் தேட வேண்டியிருந்த, உயிரெழுத்தே இல்லாத, வாயில் நுழையாத பெயர்கள் திடீரென்று ஆயிரம், இரண்டாயிரம் டாலருக்குப் போயின. எண் பெயர்களில் 8 இருந்தால் கூடுதல் விலை. 4 இருந்தால் மரணத்தைக் குறிக்கும் சொல்லின் ஒலி என்பதால் தள்ளுபடி.

அவர்களில் மிகப் பலர் அந்தப் பெயரில் தளம் நடத்த வாங்கவில்லை, அடுத்தவருக்கு விற்க வாங்கினார்கள். அந்த அடுத்தவரும் அதற்குத்தான். 2016-இல் புதுப் பணம் வருவது குறைந்ததும் விலை சரிந்தது. உச்சத்தில் கடன் வாங்கிப் பெயர் சேர்த்த ஒருவர் அப்புறம் அவற்றை விற்றுத் தரச் சொல்லி என்னிடம் வந்தார். அவர் பட்டியலில் இருந்த ஒரு பெயரைக்கூட எந்த நிறுவனத்தோடும் என்னால் இணைத்துப் பார்க்க முடியவில்லை. வியாபாரியிடமிருந்து வியாபாரிக்கு மட்டுமே போகும் பெயருக்கு என்ன விலை வந்தாலும் நான் அதை மதிப்பு என்று எடுத்துக்கொள்வதில்லை.

சரி, தேவைக்காரர் விலைக்கு வருவோம். 2010-இல் ஃபேஸ்புக், எஃப்பி டாட் காமை 85 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றது அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு. அவர்கள் பெயரில் உள்ள 'ஃபார்ம் பீரோ' என்பதன் சுருக்கமும் அதே இரண்டு எழுத்துதான். ஃபேஸ்புக் அந்தச் சமயத்தில் தன் பயனர்களுக்கு ஃபேஸ்புக் டாட் காம் முகவரியில் மின்னஞ்சல் தரத் தயாராகிக்கொண்டிருந்தது. அப்படித் தந்தால் ஊழியர்களின் மின்னஞ்சலுக்கு வேறு ஒரு டொமைன் வேண்டும். தேவை இவ்வளவு துல்லியமாக இருந்தது. 2014-இல் நிசான், இசட் டாட் காமை ஜப்பானின் ஜிஎம்ஓ இன்டர்நெட்டுக்கு 80 கோடி யென்னுக்கு விற்றது. அதே வருடம் ஷாவ்மி, எம்ஐ டாட் காமுக்கு 36 லட்சம் டாலர் கொடுத்தது. சீனாவுக்கு வெளியே போகும்போது நிறுவனத்தின் முழுப் பெயரை எழுத்துக்கூட்டி எழுத மற்றவர்கள் திணறுவார்கள் என்பது காரணம். 2015-இல் சீனாவின் இணையப் பாதுகாப்பு நிறுவனமான சிஹூ 360, வோடஃபோனிடமிருந்து 360 டாட் காமை 1.7 கோடி டாலருக்கு வாங்கியது.

இந்த நாலு விற்பனையிலும் ஒரு விஷயம் பொது. வாங்கியவர் அந்தப் பெயரைப் பார்த்து ஆசைப்பட்டு வரவில்லை. அந்த எழுத்தோ எண்ணோ ஏற்கெனவே அவருடையதாகவோ, அவர் போகவிருக்கும் பாதையாகவோ இருந்தது. ஆகவே ஒரு சின்னப் பெயரின் மதிப்பை எடை போடும்போது நான் எழுத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டு ஆட்களை எண்ணுகிறேன். இந்த மூன்று எழுத்தைச் சுருக்கமாக வைத்துக்கொண்டிருக்கும் நிறுவனங்கள் உலகத்தில் எத்தனை? அவற்றில் பணம் உள்ளவை எத்தனை? இப்போது அவை எந்த முகவரியில் இருக்கின்றன? பெயருக்குப் பின்னால் 'குரூப்' என்றோ 'ஆன்லைன்' என்றோ ஒட்டு போட்டுக்கொண்டு ஒரு நிறுவனம் காலம் தள்ளுகிறது என்றால், அதுதான் என் முதல் மின்னஞ்சல் போகும் இடம்.

குட்டையாக இருந்தாலே போதும் என்பதற்கு எதிர்ச் சாட்சி ஓவர்ஸ்டாக். அமெரிக்காவின் இந்த இணையக் கடை 2010-இல் ஓ டாட் கோ (o.co) என்ற முகவரியை 3.5 லட்சம் டாலருக்கு வாங்கியது. மறு வருடம் கடையின் பெயரையே அப்படி மாற்றி விளம்பரம் செய்தது. ஓக்லாந்தில் ஒரு பெரிய விளையாட்டரங்கத்துக்கும் அந்தப் பெயர் வந்தது. மொத்தமே மூன்று எழுத்தும் ஒரு புள்ளியும். அதைவிடக் குட்டையாக முகவரி வைக்க முடியாது. ஆனால் விளம்பரத்தைப் பார்த்த ஜனங்களின் விரல், பழக்கத்தில், கடைசியில் ஒரு எழுத்தைச் சேர்த்து ஓ டாட் காம் என்று அடித்தது. அந்த முகவரியோ போஸ்டல் நிறுத்திவைத்த பட்டியலில் இருக்கிறது, எங்கேயும் திறக்காது. வாடிக்கையாளர்கள் குழம்பியதால் நிறுவனம் சில மாதங்களிலேயே பழைய பெயருக்குத் திரும்பியது. டாட் காம் அல்லாத ஒரு குட்டிப் பெயரைக் கொண்டு யாராவது வந்தால், இதன் டாட் காம் யாரிடம் இருக்கிறது என்று நான் உடனே பார்ப்பது இதனால்தான்.

அதே மாதிரி, அர்த்தமுள்ள ஒரு சொல் மூன்றெழுத்துக் குவியலைச் சுலபமாகத் தோற்கடித்துவிடும். வாய்ஸ் டாட் காம் ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. 2019-இல் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் அதை 3 கோடி டாலருக்கு விற்றது. சாட் டாட் காமை ஹப்ஸ்பாட் நிறுவனர்களில் ஒருவரான தர்மேஷ் ஷா 2023-இல் 1.55 கோடி டாலருக்கு வாங்கினார். பின்பு அது ஓப்பன் ஏஐ கைக்குப் போனது. இரண்டுமே காதால் கேட்டு அப்படியே எழுதக்கூடிய சொற்கள்.

காது என்று சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பெயர் என்னிடம் வந்ததும் நான் செய்யும் முதல் சோதனை, அதைத் தொலைபேசியில் ஒருவரிடம் ஒரே ஒரு முறை சொல்லி, எழுதி அனுப்பச் சொல்வது. பி, டி, ஈ, ஜி, வி எல்லாம் போனில் ஒரே மாதிரி கேட்கும். எம்மும் என்னும் மாறிப்போகும். ஓ எழுத்தும் பூஜ்யமும் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் முடிந்தது கதை. மூன்று எழுத்தும் வேறு வேறு ஒலியாக இருக்கிற பெயர், விற்கும்போது ஒலிக்குழப்பம் உள்ள பெயரைவிட நிச்சயம் கூடுதலாகப் போகும். எஸ், சி, ஏ, பி, எம், டி மாதிரியான எழுத்துகளில் தொடங்கும் நிறுவனப் பெயர்கள் அதிகம் என்பதால் அவற்றுக்குத் தேவைக்காரர்களும் அதிகம். க்யூவும் எக்ஸும் நடுவில் உட்கார்ந்தால் ஆள் குறைவு.

அடுத்தது பெயரின் பழைய வாழ்க்கை. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் போட்டு அங்கே முன்பு என்ன இருந்தது என்று வருடம் வருடமாகப் பார்ப்பேன். சூதாட்டத் தளமா, குப்பை அஞ்சல் அனுப்பிய இடமா, கள்ளப் பொருள் விற்ற கடையா என்பது அங்கே தெரிந்துவிடும். அப்படி இருந்தால் மின்னஞ்சல் சேவைகளின் தடுப்புப் பட்டியலில் அந்தப் பெயர் இன்னும் இருக்கக்கூடும். புதிதாக வாங்கிய நிறுவனம் அனுப்பும் ஒவ்வொரு கடிதமும் ஸ்பாமுக்குப் போனால் அந்தப் பெயரால் என்ன பிரயோஜனம்?

உரிமையாளர் மாறிய வரலாற்றையும் விடக்கூடாது, ஏனென்றால் சின்னப் பெயர்கள் திருடு போகின்றன. பி2பி டாட் காம் 2006-இல் அதன் உரிமையாளர்களின் கணக்குக்குள் புகுந்து களவாடப்பட்டது. திருடியவர் அதை இபேயில் ஏலம் விட, கூடைப்பந்து வீரர் மார்க் மேட்சன் விவரம் தெரியாமல் 1,11,000 டாலர் கொடுத்து வாங்கினார். 2009-இல் திருடியவர் கைதானார். அமெரிக்காவில் டொமைன் திருட்டுக்காக ஒருவர் முதன்முதலில் தண்டனை பெற்றது அந்த வழக்கில்தான். நல்ல நம்பிக்கையில் பணம் கொடுத்தவருக்கும் திருட்டுச் சொத்து நிலைக்காது. பத்து வருடம் ஒரே உரிமையாளரிடம் இருந்த டொமைன், போன மாதம் வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (பெயரைப் பதிந்து தரும் நிறுவனத்துக்கு) தாவி, இன்று பாதி விலைக்கு வருகிறது என்றால் நான் தொடமாட்டேன். பழைய உரிமையாளரைத் தேடிப்பிடித்துப் பேசிவிட்டுத்தான் மறுவேலை.

டாட் காமுக்கு வெளியே போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டாட் காம் பதிவேட்டை நடத்தும் வெரிசைன், ரெஜிஸ்ட்ரார்களிடம் வாங்கும் மொத்த விற்பனைக் கட்டணத்தை நினைத்தபடி ஏற்ற முடியாது. ஒப்பந்தத்தில் வரம்பு இருக்கிறது. 2024 செப்டம்பரில் அது 10.26 டாலர் ஆனது. இரண்டெழுத்து டாட் காமுக்கும் நாற்பது எழுத்து டாட் காமுக்கும் அதே தொகைதான். டாட் காம் போல முகவரியின் கடைசியில் வரும் புதிய பின்னொட்டுகள் பலவற்றில் நிலைமை வேறு. குட்டிப் பெயர்களை 'பிரீமியம்' என்று ஒதுக்கி, முதல் வருடம் மட்டுமல்லாமல் ஒவ்வொரு வருடப் புதுப்பிப்புக்கும் நூற்றுக்கணக்கில், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கேட்பார்கள். அப்படிப்பட்ட பெயரை விற்கும்வரை வைத்திருப்பதே நஷ்டம். நாடுகளுக்குரிய பின்னொட்டுகளின் விதியை அந்தந்த நாடு வைத்திருக்கிறது. டாட் ஏஐ, கரீபியன் கடலில் உள்ள அங்குவிலா என்ற குட்டித் தீவினுடையது. செயற்கை நுண்ணறிவு அலையால் 2023-இல் மட்டும் சுமார் 3.2 கோடி டாலர் வருமானம் அந்தத் தீவின் அரசுக்கு வந்தது. அங்கே சின்னப் பெயர்களுக்கு நிஜமான தேவைக்காரர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லோரும் ஒரே துறைக்காரர்கள். அந்தத் துறையில் பணம் வற்றினால் தேவைக்காரர்கள் ஒரே நாளில் காணாமல் போவார்கள்.

இனி ஒரு விற்பனையை அருகிலிருந்து சொல்கிறேன். பெயரையும் விலையையும் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தம் இருப்பதால் அவை மட்டும் இருக்காது. பெரிய விற்பனைகளில் இது வழக்கம்தான், அதனால் பொதுவில் பட்டியலாகும் விலைகள் நடந்தவற்றில் ஒரு பகுதிதான். விற்றவர் ஓய்வுபெற்ற பொறியாளர். தொண்ணூறுகளின் நடுவில் தன் முழுப் பெயரின் முதலெழுத்துகளையே மூன்றெழுத்து டாட் காமாகப் பதிந்து, குடும்ப மின்னஞ்சலுக்கு வைத்திருந்தார். அவருக்கு ஒருநாள் இலவச மின்னஞ்சல் முகவரியிலிருந்து ஒரு கடிதம்: 'சொந்தமாக ஒரு சின்னத் தளம் தொடங்க ஆசை, 500 டாலருக்குத் தருவீர்களா?' அவர் அதை எனக்கு அனுப்பினார்.

இப்படி ஒரு கடிதம் வந்தால் நான் வர்த்தக முத்திரைப் பதிவேடுகளைத் திறப்பேன். அதே மூன்றெழுத்துக்குச் சமீபத்தில் ஒரு விண்ணப்பம் போடப்பட்டிருந்தது. விண்ணப்பித்தது இரண்டு கம்பெனிகள் இணைந்து உருவான புது நிறுவனம். சின்னத் தளத்துக்காரர் என்று எழுதியவர் அவர்களுடைய தரகர் என்பது எனக்கு அப்போதே ஏறக்குறைய உறுதி.

இந்த இடத்தில் விற்பவர்கள் பலர் அவசரப்படுவார்கள். 'நீங்கள் யார் என்று தெரியும், இத்தனை லட்சம் எடுங்கள்' என்று எழுதிவிடுவார்கள். அது ஆபத்து. டொமைன் தகராறுகளுக்கு, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் அமைப்பான ஐகேன் 1999-இல் கொண்டுவந்த யூடிஆர்பி நடைமுறையில், புகார் கொடுப்பவர் மூன்றையும் நிரூபிக்க வேண்டும்: பெயர் தன் முத்திரையை ஒத்திருக்கிறது, வைத்திருப்பவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லை, கெட்ட நோக்கத்தோடு பதிந்து பயன்படுத்துகிறார். பொறியாளர் விஷயத்தில் இரண்டாவதும் மூன்றாவதும் நிற்காது. சொந்த முதலெழுத்து, முத்திரைக்குப் பல வருடம் முந்தைய பதிவு, தொடர்ந்து குடும்பத்தின் பயன்பாடு. ஆனாலும் அந்த நிறுவனத்தின் துறை விளம்பரங்களை அவர் அந்த முகவரியில் ஓடவிட்டிருந்தாலோ, மிரட்டும் தொனியில் எழுதியிருந்தாலோ வீணாகப் புகாரை வரவழைத்திருப்பார். ஆகவே நாங்கள் அனுப்பிய பதில் ஒரே வரி: 'குடும்பம் பயன்படுத்தும் முகவரி, விற்கும் எண்ணத்தில் இல்லை, ஆனால் தகுந்த விலை சொன்னால் யோசிக்கிறோம்.' விலையை நாங்கள் சொல்லவில்லை. அடுத்த கடிதத்தில் 500, ஐந்திலக்கம் ஆனது. தரகர் பொறுமையாக ஏறினார், நாங்கள் பொறுமையாக இருந்தோம். வியாபாரி விலையைவிடப் பல மடங்கு மேலே ஒரு தொகையில், தன் வீட்டுக் கடன் முழுதும் தீரும் என்று பொறியாளர் சொன்ன இடத்தில், ஒப்புக்கொண்டோம்.

பணம் எஸ்க்ரோவில், அதாவது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாமவரிடம், வந்து சேர்ந்தது உறுதியான பிறகே பெயர் கைமாற வேண்டும். அது எல்லோருக்கும் தெரிந்த விதி. ரெஜிஸ்ட்ரார் மாற்றினால் மறுபடி வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்ற முடியாதபடி பொதுவாக 60 நாள் பூட்டு விழும் என்பதால், வாங்குபவரை அதே ரெஜிஸ்ட்ராரிடம் ஒரு கணக்கு திறக்கச் சொல்லி அங்கேயே கைமாற்றினோம்.

பலரும் யோசிக்காத சிக்கல் மின்னஞ்சல்தான். அந்த டொமைன் போனால் அவர், அவர் மனைவி, பிள்ளைகள் அத்தனை பேரின் முகவரியும் அடுத்த நிமிடம் வாங்கியவருடையது. வங்கி, காப்பீடு, மருத்துவமனை, வரிக் கணக்கு எதிலாவது 'கடவுச்சொல் மறந்துவிட்டது' என்று அழுத்தினால் அந்தக் கடிதம் புது உரிமையாளரின் பெட்டியில்தான் விழும். அதனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துக்கும் கைமாற்றத்துக்கும் நடுவில் இரண்டு மாத அவகாசம் கேட்டு எழுதி வாங்கினேன். பழைய கடிதங்களைத் தேடித் தேடி, எந்தெந்தச் சேவையில் அந்த முகவரி இருக்கிறது என்று அவர் மகள் ஒரு அட்டவணை போட்டு ஒவ்வொன்றாக மாற்றினார். கைமாறிய பிறகும் ஒரு வருடம் குடும்பத்தின் பழைய முகவரிகளுக்கு வரும் கடிதங்களைத் திறக்காமல் அப்படியே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தோம். வாங்கிய நிறுவனத்தின் வழக்கறிஞர் அதற்கு மறுப்பே சொல்லவில்லை. இன்றைக்கு நான் எழுதும் ஒவ்வொரு சின்ன டொமைன் ஒப்பந்தத்திலும் அந்த இரண்டு நிபந்தனையும் இருக்கும், விற்பவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.